உப்பும் மல்லாட்டையும்: திண்டிவனம், விழுப்புரம் மண்ணின் கதை

முன்னுரை

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். ஆனால் அதே உப்பு மண்ணில் கூடிவிட்டால், அந்த மண்ணில் விளையும் பயிர்தான் குப்பைக்குப் போகும். அதிலும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த உளுந்து, பாசிப்பயறு, மொச்சை, நிலக்கடலை போன்ற பயிர்கள் உப்பைக் கண்டால் முதலில் துவண்டு போகக்கூடியவை. விழுப்புரம் மாவட்டத்தில் இந்த இரண்டும் அருகருகே இருக்கின்றன. மேற்கே திண்டிவனம், தமிழகத்தின் நிலக்கடலை ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் மரக்காணம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் உப்பளங்கள் உள்ள ஊர். ஒரே சாலையின் ஒரு முனையில் கடலைக்கொட்டை, மறுமுனையில் உப்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வயல்களின் வரலாறுதான் இக்கட்டுரை.

ஓய்மா நாட்டின் உப்பும் வயலும்

இன்றைய திண்டிவனம் பகுதி பழங்காலத்தில் ஓய்மா நாடு என்று அழைக்கப்பட்டது. அதை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நத்தத்தனார் பாடியதே பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. அந்நூலில் வரும் கிடங்கில் என்ற ஊர் இன்று திண்டிவனம் நகரோடு சேர்ந்து கிடங்கல் என்று வழங்குகிறது. அதே நூலில் நெய்தல் நில ஊராக வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆக ஒரே சிற்றரசின் கீழ் உள்நாட்டு வயலும் கடற்கரையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேர்ந்திருந்தன.

பழந்தமிழர் உப்பு ஏறிய மண்ணை நன்றாகவே அறிந்திருந்தனர். தமிழில் அதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று உவர், மற்றொன்று களர். கல்லாதவரைப் பயன் தராத களர் நிலத்துக்கு ஒப்பிடுகிறது திருக்குறள். விளையாத நிலத்துக்கு உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் வள்ளுவர் காலத்திலேயே களர்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளம் 'அளம்' என்றும், உப்பின் மீதான வரி 'உப்பாயம்' என்றும் குறிக்கப்படுகின்றன. அதாவது அரசனுக்கு உப்பு நிலமும் வருமானம்தான். உழவனுக்கு மட்டுமே அது இழப்பு. இந்த முரண்பாடு பின்னாளிலும் தொடர்ந்தது.

வெள்ளைக்காரர் காலத்து உப்பு

கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது. அரசின் அனுமதி இல்லாமல் உப்புக் காய்ச்சுவது குற்றமானது. உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பு எடுத்து வந்த ஏழை மக்களின் தொழிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒடுக்கப்பட்டது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கடலோரக் கால்வாய் ஒன்று நீட்டித்து வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி சுமார் 420 கிலோமீட்டர் வந்து மரக்காணத்தில் முடிகிறது. உப்பும் விறகும் இதில் படகுகளில் சென்னைக்குப் போயின. இது நன்னீர்க் கால்வாய் அல்ல, அலையேற்றத்தில் கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாய் என்பது குறிப்பிடத்தக்கது.

மல்லாட்டை வந்த கதை

இதே காலத்தில்தான் தென்னார்க்காட்டின் மேட்டு நிலங்களில் ஒரு புதிய பயிர் பரவியது. அதுதான் நிலக்கடலை. தென் அமெரிக்காவில் பிறந்த இப்பயிரை இவ்வட்டார மக்கள் இன்றும் 'மல்லாட்டை' என்கிறார்கள். மணிலாக்கொட்டை என்பதே மருவி மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்றானது. பிரான்சின் மார்செய் நகரில் இருந்த எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கடலை தேவைப்பட்டது. புதுச்சேரித் துறைமுகம் பக்கத்திலேயே இருந்தது. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தென்னார்க்காட்டுச் செம்மண் நிலங்கள் வேகமாகக் கடலைக்கு மாறின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலூர் அருகே பாலூரில் அரசுப் பண்ணையில் நிலக்கடலை ஆய்வுகள் நடந்தன. 1930-களில் திண்டிவனம் அந்த இடத்தைப் பிடித்தது. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் 'டிஎம்வி' என்ற பெயரில் வந்தன. டிஎம்வி என்பது திண்டிவனத்தின் சுருக்கமே. குடியாத்தம் பகுதியின் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு 1940-ல் வந்த டிஎம்வி 2 தமிழகத்தோடு நிற்காமல் ஆந்திரம், கர்நாடகம் வரை பரவி, அறுபது எழுபது ஆண்டுகள் கழித்தும் விதைக்கப்பட்டு வந்தது. ஒரு சிறு ஊரின் பெயர் இவ்வளவு தூரம் விதைப்பையில் பயணம் செய்தது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் அந்தப் பயணம் கிழக்குப் பக்கம், கடற்கரையை நோக்கிப் போகும்போது மட்டும் தயங்கியது. காரணம் மண்.

உப்பு என்ன செய்கிறது?

உப்பு பயிரை இரண்டு விதமாகத் தாக்குகிறது.

முதலாவது தாகம். மண்ணில் ஈரம் இருந்தாலும், அந்த ஈரத்தில் உப்பு கரைந்திருந்தால் வேர் அதை உறிஞ்சத் திணறும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் மாங்காயிலிருந்து நீர் வெளியேறுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அதே சவ்வூடு பரவல் தத்துவம்தான் இங்கும். கண்ணுக்கு வயல் ஈரமாகத் தெரியும். செடிக்கு அது வறட்சி. விதை தாமதமாக முளைக்கும், அல்லது முளைக்கவே முளைக்காது.

இரண்டாவது நஞ்சு. சோடியமும் குளோரைடும் செடிக்குள் ஏறி இலைகளில் சேர்கின்றன. இலை ஓரம் முதலில் கருகும். பயிருக்கு வேண்டிய பொட்டாசியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. பூக்கள் உதிர்கின்றன. தங்கிய காய்களிலும் மணி சிறுத்துப் போகிறது.

இது எல்லாப் பயிருக்கும் பொது. அவரைக் குடும்பத்துக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு அடி விழுகிறது. அதுதான் வேர்முடிச்சு. ஜெர்மனியின் ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகிய இருவரும் 1886 முதல் 1888 வரை வெளியிட்ட ஆய்வுகளில், பயறு வகைகள் வேர்முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன என்பதை நிறுவினர். 1888-ல் ஹாலந்தின் பெய்ரிங்க் அந்த முடிச்சில் வாழும் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். ரைசோபியம் என்று பின்னர் அறியப்பட்டது அதுவே. வேரின் மெல்லிய தூவிகள் வழியாக இந்த பாக்டீரியா உள்ளே நுழைய வேண்டும். உப்பு மண்ணில் அந்தத் தூவிகளே சரியாக வளர்வதில்லை. முடிச்சுகள் குறைகின்றன, உண்டான முடிச்சும் முழுதாக வேலை செய்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், பாக்டீரியா பெரும்பாலும் செடியைவிட அதிக உப்பைத் தாங்கும். விருந்தாளி தாங்குகிறார், வீட்டுக்காரர்தான் தாங்குவதில்லை!

இதனால்தான் உப்பு மண்ணில் நிற்கும் உளுந்து பசுமை இழந்து மஞ்சளடித்து நிற்கிறது. தன் உரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் பயிர் என்ற பெருமையை அது அங்கே இழந்துவிடுகிறது.

அளவுகள் சொல்வது என்ன?

மண்ணின் உப்பை, அந்த மண்ணை நீரில் குழைத்து எடுத்த சாற்றின் மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறார்கள். அலகு, மீட்டருக்கு இத்தனை டெசிசைமன். அமெரிக்காவின் ரிவர்சைடு நகரிலுள்ள உப்புமண் ஆய்வகம் 1954-ல் வெளியிட்ட கையேடு, 4 டெசிசைமனுக்கு மேற்பட்டதை உவர் நிலம் என்று வகுத்தது. உப்பு அதிகம் இல்லாமல், சோடியம் மட்டும் மண்துகள்களில் 15 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டு, கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் அது களர் நிலம். நம் முன்னோர் சொன்ன உவருக்கும் களருக்கும் இப்படி எண்கள் கிடைத்தன.

1977-ல் மாஸ், ஹாஃப்மன் என்ற இரு அறிவியலாளர்கள், எந்தப் பயிர் எவ்வளவு உப்பு வரை தாங்கும் என்று பல பயிர்களின் ஆய்வுகளைத் தொகுத்தனர். அதன்படி:

பீன்ஸ்: 1.0 வரை தாங்கும். அதன் பிறகு ஒவ்வொரு டெசிசைமன் உயர்வுக்கும் மகசூல் 19 சதவீதம் குறையும்.

நிலக்கடலை: 3.2 வரை தாங்கும். அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 29 சதவீதம் குறையும்.

பருத்தி: 7.7 வரை தாங்கும். அதன் பிறகு 5.2 சதவீதமே குறையும்.

பார்லி: 8.0 வரை தாங்கும். அதன் பிறகு 5 சதவீதமே குறையும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பீன்ஸ் 3.6-லேயே பாதி மகசூலை இழக்கிறது. உவர் நிலம் என்று பெயர் வாங்கும் 4 என்ற எல்லையைத் தொடுவதற்கு முன்பே பாதி போய்விட்டது! நிலக்கடலை கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறது. ஆனால் பொறுமை எல்லை தாண்டியதும் சட்டென்று சரிந்து 4.9-ல் பாதியாகிவிடுகிறது. கடல்நீரின் மின்கடத்தும் திறன் சுமார் 50 என்பதை நினைவில் கொண்டால், மிகச் சிறிதளவு கடல்நீர் கலந்தாலும் என்ன ஆகும் என்பது புரியும்.

தை மாதத்துச் சிக்கல்

விழுப்புரம் மாவட்டம் தமிழகத்தில் உளுந்து அதிகம் விளையும் மாவட்டங்களுள் ஒன்று. சம்பா நெல் அறுத்தபின் வயலில் இருக்கும் மிச்ச ஈரத்தை நம்பித் தை மாதத்தில் உளுந்தும் பயறும் விதைப்பது நெடுநாள் வழக்கம். தண்ணீர்ச் செலவு இல்லை, உரச் செலவு இல்லை, எழுபது நாளில் கையில் காசு. சிறு விவசாயிக்கு இது பெரிய உதவி.

ஆனால் உப்பு ஏறிய வயலில் இந்த வழக்கமே ஆபத்தாகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வயலில் நீர் தேங்கி நிற்கிறது. உப்பு கரைந்து கீழே இறங்குகிறது. நெல் பெரிய பாதிப்பு இல்லாமல் வந்துவிடுகிறது. மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும், கீழே போன உப்பு விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நீரோடு மேலே ஏறுகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு மேல்மண்ணில் தங்குகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் உளுந்து முளைத்து வேர் பிடிக்கிறது. தை, மாசி வெயிலில் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்கள் பாத்தி கட்டத் தொடங்குகிறார்கள். எந்த வெயில் அவர்களுக்குக் கூலி தருகிறதோ, அதே வெயில்தான் சற்றுத் தள்ளியுள்ள உளுந்து வயலில் உப்பை மேலே இழுக்கிறது.

நெல் நன்றாக விளைந்த வயலில் உளுந்து மட்டும் ஏன் போனது என்று புரியாமல், விதையைக் குறை சொல்லி ரகத்தை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. குறை விதையில் இல்லை.

கழுவேலியும் கிணறுகளும்

மரக்காணத்துக்கும் திண்டிவனத்துக்கும் தெற்கே பரந்து கிடப்பது கழுவேலி ஏரி. இடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலோடு தொடர்புள்ள உவர்நீர் ஏரி இது. மழைக்காலத்தில் சுற்றுப்புற ஏரிகளின் உபரி நீர் இதில் சேர்கிறது, கோடையில் கடல்நீரின் கை ஓங்குகிறது. 2021 டிசம்பரில் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

இப்படிப்பட்ட இடத்தில் நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையே நிலத்தடியில் ஒரு சமநிலை இருக்கும். நன்னீர் எடை குறைவு என்பதால் மேலே மிதந்து உப்புநீரைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். மின்சார மோட்டார்கள் வந்தபின் ஏற்றம் போய், கிணறுகள் ஆழமாயின. ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. மேலே உள்ள நன்னீரை இறைக்க இறைக்க, கீழே உள்ள உப்புநீர் உயரும். கடலோரத்தில் இது வெறும் கிணற்றுப் பிரச்சினை அல்ல. அந்த நீரைப் பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் வயலுக்கு உப்பும் சேர்த்தே பாய்கிறது.

1990-களில் இன்னொரு பிரச்சினை சேர்ந்தது. தமிழகக் கடலோரம் எங்கும் இறால் பண்ணைகள் முளைத்தன. குளங்களில் தேக்கிய உப்புநீர் பக்கத்து வயல்களிலும் கிணறுகளிலும் கசிகிறது என்று விவசாயிகள் போராடினர். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, விளைநிலங்களையும் உப்பளங்களையும் இறால் குளங்களாக மாற்றக்கூடாது என்றது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, இத்தொழிலை உரிம முறைக்குள் கொண்டுவந்தது. வயலா, குளமா என்ற கேள்வி மட்டும் கடலோரக் கிராமங்களில் முடிந்துவிடவில்லை.

ஆழிப்பேரலை கற்றுத்தந்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி நாகப்பட்டினம், கடலூர், விழுப்புரம் உள்ளிட்ட கடலோர மாவட்டங்களைத் தாக்கியது. உயிரிழப்பின் துயரத்தோடு, வயல்களில் கடல்நீரும் சேறும் புகுந்த இழப்பும் சேர்ந்தது. இனி இந்த நிலங்களில் பல ஆண்டுகள் எதுவும் விளையாது என்றே பலரும் அஞ்சினர்.

கடல் சேற்றை அகற்றி, ஆழ உழுது, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, வடிகாலைத் திறந்து விடும் வேலைகள் நடந்தன. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். 2005-ன் வடகிழக்குப் பருவமழை மிகக் கடுமையாகப் பெய்தது. ஊருக்கு வெள்ளமாக வந்த அந்த மழையே வயலுக்கு மருந்தானது. தேங்கிய உப்பில் பெரும்பகுதி கழுவிச் செல்லப்பட, பல வயல்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சாகுபடிக்குத் திரும்பின.

இதில் ஒரு நுட்பம் உள்ளது. உவர் நிலத்துக்கு வேண்டியது நல்ல தண்ணீரும் வடிகாலும். களர் நிலத்துக்கு அது மட்டும் போதாது. அங்கே சோடியம் மண்துகளோடு ஒட்டியிருப்பதால் ஜிப்சம் போட வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். பிறகு நீர் கட்டி வடித்தால் சோடியம் வெளியேறும். எது உவர், எது களர் என்று மண்ணைச் சோதிக்காமல் ஜிப்சம் மூட்டைகளை வாங்கிக் கொட்டுவது வீண் செலவு.

மல்லாட்டைக்கு ஜிப்சம் இன்னொரு வகையிலும் வேண்டியவர். கடலைச் செடியின் விழுது மண்ணில் இறங்கிக் காயாகும்போது, தனக்கு வேண்டிய கால்சியத்தைக் காயே நேரடியாக மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் விதைத்த 40 முதல் 45 நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். சோடியம் மிகுந்த மண்ணில் இந்தக் கால்சியம் கிடைக்காமல் பொக்குக் காய் மிகுந்துவிடும்.

உலகம் கண்ட அனுபவம்

உப்பு நாகரிகங்களையே அசைத்திருக்கிறது. யாக்கப்சன், ஆடம்ஸ் ஆகியோர் 1958-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெற்கு மெசபடோமியாவில் கோதுமை படிப்படியாக மறைந்து உப்பைத் தாங்கும் பார்லி அதன் இடத்தைப் பிடித்ததை எடுத்துக்காட்டினர். வடிகால் இல்லாத பாசனமே காரணம் என்பது அவர்கள் வாதம். பின்னால் வந்த அறிஞர் சிலர் இதை மறுத்தும் எழுதியுள்ளனர். ஆனாலும் வடிகாலை மறந்த பாசனம் உப்பில் முடியும் என்ற பாடத்தை யாரும் மறுக்கவில்லை. வட இந்தியாவில் கால்வாய்ப் பாசனம் பரவிய பகுதிகளில் 'ரே' என்ற வெள்ளை உப்பு படர்ந்தது பற்றி 1870-களிலேயே அரசு விசாரித்தது. சுதந்திர இந்தியாவில் 1969-ல் தொடங்கப்பட்ட மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் ஹரியானாவின் கர்னாலில் இயங்குகிறது.

அவரைக் குடும்பத்தில் உப்புக்கு அஞ்சாத உறவினர்களும் இருக்கிறார்கள். கடற்கரை மணலிலேயே படர்ந்து பூக்கும் காட்டுப் பயறு வகைகளும் கடற்கரை அவரையும் அவை. உளுந்து, பாசிப்பயற்றின் இனத்தைச் சேர்ந்த கடலோரக் காட்டுப் பயறு ஒன்றை ஜப்பானில் இதற்காகவே ஆராய்ந்து வருகின்றனர். அலை தொடும் மணலில் அது எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால், அந்தக் குணத்தை உளுந்துக்கும் கொண்டுவர வழி பிறக்கலாம்.

முடிவுரை

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பயிர்கள் மூழ்கின, உப்பளங்களும் மூழ்கின. ஒரு வருடம் வெள்ளம், ஒரு வருடம் வறட்சி என்று போகும் காலத்தில், வயலின் உப்பும் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கும்.

மழை இலவசமாகக் கழுவித் தரும் உப்பை, அளவுக்கு மீறி இறைக்கும் மோட்டார் திரும்பவும் மேலே கொண்டுவருகிறது. ஏரி, குளம், வடிகால்களைக் காப்பாற்றி, தை உளுந்து விதைக்கும் முன் மண்ணையும் கிணற்று நீரையும் ஒருமுறை சோதித்து, 4-ஐத் தாண்டிய வயலில் அந்த வருடம் பயறைத் தவிர்த்து, உப்பைத் தாங்கும் பருத்தி போன்ற பயிரையோ தக்கைப்பூண்டையோ போடுவது பெரிய விஞ்ஞானம் அல்ல. விதைச் செலவோடு ஒப்பிட்டால் சோதனைச் செலவு சிறியது. நெல்லுக்குப் பின் வரும் அந்த ஒரு மூட்டை உளுந்துதான் பல குடும்பங்களுக்கு வட்டிக் கடனை அடைக்கும் பணம். அதை உப்புக்குக் கொடுத்துவிடாமல் காப்பது விவசாயியின் வேலை மட்டும் அல்ல, நிலத்தடி நீரைக் குடிக்கும் எல்லோருடைய வேலையும்கூட.